குடியை விட்டவர்கள் கூடும் இடம் எங்கே?

குடிக்க ஆசைப்படுகிறவனுக்கு வழி காட்ட நூறு பேர் வருவார்கள். குடியை விட ஆசைப்படுகிறவனுக்கு வழி காட்ட எத்தனை பேர் வருவார்கள்?

புதுச்சேரியிலிருந்து வடக்கே போகிறது கிழக்குக் கடற்கரைச் சாலை. அதிலிருந்து மேற்கே பிரிந்து, செம்மண் மேட்டில் ஏறினால் குயிலாப்பாளையம். முந்திரித் தோப்புகள் உள்ள ஊர். 1968-ம் ஆண்டு பிறந்த ஆரோவில் நகரத்தின் வாசலில் இருக்கும் ஊர். இன்னும் வடக்கே போனால் மரக்காணம். அங்கே கண்ணுக்கு எட்டிய வரை உப்பளம். வெயிலில் நின்று உப்பு வாருகிறவர்கள் மாலையில் வீடு திரும்புகிறார்கள். எல்லோரும் நேராக வீட்டுக்குப் போய் விடுவதில்லை.

இந்தக் கரையில் ஒருவர் குடியை விட வேண்டும் என்று நினைத்தால் எங்கே போவது? யாரைக் கேட்பது? அதற்குப் பதில் உண்டு. ஆனால், பதில் தெரிந்தவர்கள் குறைவு.

பெயர் இல்லாத ஒரு குடும்பம்

ஒரு குடும்பத்தை மனக் கண்ணில் நிறுத்திப் பாருங்கள். கணவன் கொத்தனார். கை சுத்தமான வேலைக்காரர். மனைவி முந்திரி உடைக்கப் போகிறாள். 2 குழந்தைகள். பெயர் எதற்கு? இந்தக் குடும்பம் குயிலாப்பாளையத்திலும் இருக்கலாம். உங்கள் தெருவிலும் இருக்கலாம்.

முதலில் சனிக்கிழமை மட்டும் குடித்தார். பிறகு தினமும் மாலையில். இப்போது காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது. கொஞ்சம் குடித்தால்தான் கரண்டியைப் பிடிக்க முடிகிறது.

அவர் கெட்டவரா? இல்லை. கார்த்திகை பிறந்தால் ஐயப்பனுக்கு மாலை போடுவார். மாலை கழுத்தில் இருக்கும் வரை ஒரு சொட்டுத் தொட மாட்டார். வீடு சிரிக்கும். மாலையைக் கழற்றிய அன்று இரவே பழைய கதை.

"48 நாள் இருந்த மனுஷனால் 49-வது நாள் ஏன் இருக்க முடியவில்லை?" என்று மனைவி கேட்கிறாள்.

நியாயமான கேள்வி. இந்தக் கேள்விக்கு ஒரு விடையைக் கண்டு பிடித்தவர்கள் டாக்டர்கள் மட்டும் அல்ல. 2 குடிகாரர்கள்!

டெலிபோனா? மதுக்கடையா?

1935-ம் ஆண்டு மே மாதம். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில் ஆக்ரன் என்ற நகரம். அங்கே மேபிளவர் ஓட்டலின் முன் கூடத்தில் ஒருவர் நின்று கொண்டிருந்தார். பெயர் பில் வில்சன். பங்குச் சந்தையில் பெரிய ஆளாக இருந்தவர். குடியால் எல்லாவற்றையும் இழந்தவர். குடியை நிறுத்தி அப்போது 5 மாதம்தான் ஆகியிருந்தது.

வந்த வியாபாரக் காரியம் தோற்று விட்டது. கையில் காசு இல்லை. தெரியாத ஊர். கூடத்தின் ஒரு பக்கம் மதுக்கடை. உள்ளே சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் ஒரு டெலிபோன். பக்கத்தில் உள்ளூர்த் தேவாலயங்களின் பெயர்ப் பட்டியல்.

அவர் மனம் ஊசலாடியது. அப்போது அவருக்கு ஒன்று தோன்றியது. "இப்போது எனக்கு வேண்டியது உபதேசம் அல்ல, என்னைப் போன்ற இன்னொரு குடிகாரன்!"

டெலிபோனை எடுத்தார். ஒரு பாதிரியாரைப் பிடித்தார். அவர் மூலம் ஒரு பெண்மணியின் அறிமுகம் கிடைத்தது. அந்தப் பெண்மணி, ராபர்ட் ஸ்மித் என்ற அறுவைச் சிகிச்சை டாக்டரைச் சந்திக்க ஏற்பாடு செய்தார். அந்த டாக்டரும் குடியால் சீரழிந்து கொண்டிருந்தவர்.

"15 நிமிடம்தான் இருப்பேன்" என்று சொல்லி வந்தார் டாக்டர். பேச்சு 6 மணி நேரம் நீடித்தது! டாக்டர் பலரிடம் புத்திமதி கேட்டவர். ஆனால், தன் நெஞ்சுக்குள் நடப்பதை அப்படியே எடுத்துச் சொன்ன முதல் மனிதரை அன்றுதான் பார்த்தார்.

டாக்டர் கடைசியாகக் குடித்தது 1935-ம் ஆண்டு ஜூன் 10-ந் தேதி. அந்த நாளே "ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்" என்ற இயக்கத்தின் பிறந்த நாள். "பெயர் சொல்லாத குடிநோயாளிகள்" என்று பொருள். சுருக்கமாக ஏ.ஏ. என்பார்கள். இன்று அது சுமார் 180 நாடுகளில் பரவியிருக்கிறது.

1957-ம் ஆண்டு அது பம்பாய்க்கு வந்தது. அப்போது பம்பாயில் மதுவிலக்கு அமலில் இருந்தது. கடையை மூடிய ஊரிலும் குடியை விடத் துணை தேவைப்பட்டது என்பதை இதிலிருந்தே தெரிந்து கொள்ளலாம்.

கூட்டத்தில் என்ன நடக்கும்?

மேடை இல்லை. மாலை மரியாதை இல்லை. பிரசங்கமும் இல்லை. பள்ளிக்கூட அறையோ, தேவாலயத்தின் பக்கத்து அறையோ, ஆஸ்பத்திரிக் கூடமோ போதும். சில நாற்காலிகள். ஒரு குவளை டீ. ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம்.

புதியவர் ஒருவர் வாசலில் தயங்கி நிற்கிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் பெரியவர் எழுந்து வருவார்.

"வாங்க தம்பி, உட்காருங்க. பேர் சொல்லணும்னு கட்டாயம் இல்லை. பேசணும்னும் கட்டாயம் இல்லை. கேட்டுக்கிட்டு இருந்தாப் போதும்."

"நான் இன்னிக்குக் காலையிலகூடக் குடிச்சேங்க…"

"அதனால என்ன? நானும் முத நாள் அப்படித்தான் வந்தேன். விடணும்னு நினைப்பு இருக்கு இல்ல? அது போதும்."

உண்மையில் ஏ.ஏ.யில் சேர ஒரே ஒரு தகுதிதான் உண்டு. குடியை விட வேண்டும் என்ற ஆசை. சாதி கேட்பதில்லை. மதம் கேட்பதில்லை. கட்டணம் இல்லை. செலவுக்கு உறுப்பினர்கள் தங்களால் முடிந்ததைப் போடுவார்கள். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை.

ஒருவர் பேசுவார். "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்குவார். எப்படிக் குடித்தார், எப்படி விழுந்தார், இப்போது எப்படி இருக்கிறார் என்று சொல்வார். மற்றவர்கள் குறுக்கே பேச மாட்டார்கள். புத்தி சொல்ல மாட்டார்கள். இங்கே கேட்டது வெளியே போகக் கூடாது என்பது அவர்கள் எழுதாத சத்தியம்.

"இனி வாழ்நாள் முழுவதும் குடிக்க மாட்டேன்" என்று அங்கே யாரும் சூடம் அடித்துச் சத்தியம் செய்வதில்லை. "இன்று ஒரு நாள் குடிக்க மாட்டேன்" என்பதுதான் பேச்சு. நாளைக்கு விடிந்தால் அதுவும் ஒரு "இன்று".

48 நாள் விரதத்துக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை இங்கேதான் இருக்கிறது. விரதத்துக்கு ஒரு முடிவு நாள் உண்டு. மனம் அந்த நாளை எண்ணிக் கொண்டே இருக்கும். விரத காலத்தில் கூடப் பிறந்தவர்கள் போலப் பத்துச் சாமிகள் துணை இருப்பார்கள். மாலையைக் கழற்றியதும் அந்தத் துணை கலைந்து விடும். ஏ.ஏ.யில் முடிவு நாள் கிடையாது. துணையும் கலைவதில்லை.

பலன் உண்டா?

"பேசினால் நோய் போகுமா?" என்று கேட்கலாம். ஆராய்ச்சியாளர்களும் கேட்டார்கள். 2020-ம் ஆண்டு காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு, 27 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. அவற்றில் 10 ஆயிரத்து 565 பேர் கலந்து கொண்டிருந்தார்கள். ஏ.ஏ. கூட்டத்துக்கு முறைப்படி பழக்கி அனுப்பும் சிகிச்சை, மற்ற மனநலச் சிகிச்சைகளைவிடத் தொடர்ந்து குடிக்காமல் இருக்க அதிகம் உதவுகிறது என்று அது கண்டது.

எல்லோருக்கும் பலிக்கும் என்று யாரும் சொல்லவில்லை. பலர் இடையில் வழுக்கி விழுகிறார்கள். மறுபடி வருகிறார்கள். விழுந்தவரைத் துரத்தாத வாசல் அது.

முதலில் டாக்டர்

இங்கே ஓர் எச்சரிக்கை. இதைப் படிக்காமல் விட்டு விடாதீர்கள்.

தினமும் நிறையக் குடிக்கிறவர், டாக்டர் துணை இல்லாமல் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. கை நடுங்கும். வியர்க்கும். தூக்கம் வராது. முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். 2, 3 நாட்களில் புத்தி குழம்பி, இல்லாத பாம்பும் பூச்சியும் கண்ணில் தெரியலாம். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம்.

"பேய் பிடித்து விட்டது" என்று வேப்பிலை தேடும் நேரம் அல்ல அது. ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நேரம். சில நாள் மருந்தும், வைட்டமின் பி-1 ஊசியும் கொடுத்து டாக்டர்கள் இந்தக் கண்டத்தைத் தாண்ட வைத்து விடுவார்கள். அதன் பிறகு ஆண்டுக் கணக்கில் காப்பாற்ற வேண்டியது கூட்டம்.

இன்னொன்று. "கணவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுங்கள், ஒரே வாரத்தில் குடியை மறப்பார்" என்று விளம்பரம் வரும். மயங்காதீர்கள். குடித்தால் வாந்தியும் படபடப்பும் உண்டாக்கும் மாத்திரை ஒன்று உண்டு. அதை டாக்டர் சோதித்து, நோயாளியின் சம்மதத்தோடு கொடுக்க வேண்டும். தெரியாமல் கொடுத்து, அவர் அதன் மேல் குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து ஆகலாம்.

எல்லைக் கோடு

இந்தக் கரைக்கு என்று தனியாக ஒரு தொல்லை உண்டு. அதுதான் எல்லைக் கோடு.

1937-ம் ஆண்டு ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-ம் ஆண்டு அது சென்னை மாகாணம் முழுவதும் வந்தது. ஆனால், புதுச்சேரி 1954-ம் ஆண்டு வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அங்கே கடை திறந்திருந்தது. இந்தப் பக்கம் வறட்சி. அந்தப் பக்கம் வெள்ளம்! தாகம் எடுத்தவர் எல்லையைத் தாண்டினார்.

1971-ம் ஆண்டு தமிழகத்தில் மதுவிலக்கு தளர்ந்தது. பிறகு மூடுவதும் திறப்பதுமாகக் காலம் போயிற்று. 2003-ம் ஆண்டு முதல் சில்லறைக் கடைகளை டாஸ்மாக் நிறுவனமே நடத்துகிறது. ஆகவே இன்று எல்லையின் இரு பக்கமும் கடை உண்டு. ஒரு பக்கம் மூடினாலும் மறு பக்கம் அழைக்கும்.

மலிவைத் தேடிப் போனவர்களின் கதை இன்னும் கொடியது. 2023-ம் ஆண்டு மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் என்ற மீனவக் கிராமத்தில் விஷச் சாராயம் குடித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சாய்ந்தார்கள். அதில் கலந்திருந்தது தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால். விழுப்புரம், செங்கல்பட்டு ஆகிய 2 மாவட்டங்களிலும் சேர்த்து 20-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மறு ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள்.

அந்த நாட்களில் எல்லோரும் போலீசைப் பற்றிப் பேசினார்கள். கடையைப் பற்றிப் பேசினார்கள். பேச வேண்டியதுதான். ஆனால், விடிகாலையில் கை நடுங்கிக் கொண்டே பாக்கெட்டைத் தேடிப் போன அந்த மனிதருக்கு, அதற்கு முன்பு யாராவது ஒரு கூட்டத்தின் முகவரியைச் சொல்லியிருந்தார்களா?

38 பேரில் ஒருவர்

இந்தியாவில் சுமார் 16 கோடிப் பேர் குடிக்கிறார்கள் என்று 2019-ம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. டெல்லி எய்ம்ஸ் டாக்டர்கள் நடத்திய ஆய்வு அது. குடிக்கு அடிமையாகி, அது இல்லாமல் இருக்க முடியாத நிலைக்கு வந்தவர்கள் 2 கோடியே 90 லட்சம் பேர். அவர்களில் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்தது 38 பேரில் ஒருவருக்கு! ஆஸ்பத்திரியில் படுத்துச் சிகிச்சை பெற்றது 180 பேரில் ஒருவர்!

மீதி 37 பேர் எங்கே? சிலருக்கு விட மனம் இல்லை. சிலருக்கு வெட்கம். சிலருக்கு ஒரு நாள் கூலி போய் விடுமே என்ற கவலை. பலருக்கு இடமே தெரியாது.

கிராமத்தில் வெட்கம் பெரிய பூட்டு. அவர் குடிப்பது ஊருக்கே தெரியும். அதில் வெட்கம் இல்லை. குடியை விடக் கூட்டத்துக்குப் போகிறார் என்று தெரிந்தால் மட்டும் வெட்கம்! "இவரு திருந்தப் போறாராம்" என்று டீக்கடையில் ஒரு சிரிப்பு எழும். அந்தச் சிரிப்புக்குப் பயந்தே பலர் மறுபடி கடைக்குப் போய் விடுகிறார்கள். பெயர் சொல்லாத கூட்டம் ஏன் தேவைப்பட்டது என்பது இப்போது புரிகிறது அல்லவா? சொந்த ஊரில் கூச்சம் என்றால் பக்கத்து நகரத்துக் கூட்டத்துக்குப் போகலாம். யாரும் ஊர் கேட்க மாட்டார்கள்.

கிராமத்துக்கே வந்த சிகிச்சை

முன்னாள் மத்திய நிதி மந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பேரர் டி.டி. ரங்கநாதன். 1979-ம் ஆண்டு இளம் வயதில் குடிக்கு இரையானார். அவருடைய மனைவி சாந்தி ரங்கநாதன் அழுது கொண்டு மூலையில் உட்காரவில்லை. 1980-ம் ஆண்டு சென்னையில் கணவர் பெயரால் ஒரு மருத்துவ அறக்கட்டளையைத் தொடங்கினார். அதுவே டி.டி.கே. மருத்துவமனை. 1992-ம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

"கிராமத்து ஆள் சென்னைக்கு வர முடியாது என்றால் சிகிச்சை கிராமத்துக்குப் போகட்டும்" என்பது அவருடைய எண்ணம். 1989-ம் ஆண்டு தஞ்சைத் தரணியில் உள்ள மஞ்சக்குடி என்ற கிராமத்தில் முகாம் போட்டார்கள். நோயாளிகள் 15 நாள் அங்கேயே தங்கினார்கள். குடும்பத்தாரையும் அழைத்துப் பேசினார்கள். முகாம் முடிந்த பிறகும் தேடிப் போய் நலம் விசாரித்தார்கள். அந்த அனுபவம் 1994-ம் ஆண்டு வெளிநாட்டு மருத்துவ இதழில் கட்டுரையாக வந்தது. மஞ்சக்குடியில் முடிந்தது, மரக்காணத்தில் முடியாதா?

எங்கே கேட்பது?

சரி, இன்று மாலை ஒருவர் மனம் மாறி, "விட்டு விடுகிறேன்" என்கிறார். என்ன செய்வது?

டெலிபோனை எடுங்கள். 14446 என்ற எண்ணைச் சுழற்றுங்கள். போதைப் பழக்கத்திலிருந்து மீள மத்திய அரசு நடத்தும் உதவி எண் அது. கட்டணம் இல்லை. மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணும் உண்டு. தமிழில் பேசலாம்.

குயிலாப்பாளையம் பக்கத்தவர்களுக்குப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை அருகில் இருக்கிறது. விழுப்புரம் பக்கத்தவர்களுக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி உண்டு. மனநலப் பிரிவுக்குப் போங்கள். "பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கும் இடம்" என்று ஒதுங்காதீர்கள். குடிநோய்க்கும் அங்கேதான் வைத்தியம். டாக்டரிடம் மறக்காமல் கேளுங்கள்: "பக்கத்தில் ஏ.ஏ. கூட்டம் எங்கே, எந்தக் கிழமை நடக்கிறது?"

ஏ.ஏ.யின் இந்தியச் சேவை அலுவலகம் மும்பையில் இருக்கிறது. அங்கே கேட்டாலும் வழி சொல்வார்கள். பஸ் வசதி இல்லாதவர்களுக்கு இன்னொரு வழியும் வந்து விட்டது. 2020-ம் ஆண்டு கொரோனாக் காலத்தில் வீட்டில் அடைபட்டவர்கள் செல்போன் வழியாகவே கூடத் தொடங்கினார்கள். அந்தப் பழக்கம் நிலைத்து விட்டது.

அவர் வரா விட்டால்?

மனைவிமார்கள் கேட்பது இதுதான்.

"அவரு வர மாட்டேங்கிறாரு, சிஸ்டர். கூப்பிட்டாலே சண்டைக்கு வர்றாரு" என்பாள் அந்தக் கொத்தனாரின் மனைவி.

"அவரு வராட்டி என்னம்மா? முதல்ல நீ வா" என்பார் நர்சம்மா.

இது வெறும் ஆறுதல் அல்ல. குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கு என்றே "அல்-அனான்" என்ற கூட்டம் உண்டு. பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951-ம் ஆண்டு இன்னொரு தோழியோடு சேர்ந்து தொடங்கியது அது. கணவர்கள் உள்ளே பேசிக் கொண்டிருக்க, வெளியே காத்திருந்த மனைவிமார்களின் கண்ணீரிலிருந்து பிறந்த இயக்கம். 1957-ம் ஆண்டு பிள்ளைகளுக்கும் தனிக் கூட்டம் வந்தது.

"உன்னால் அவர் குடிக்கவில்லை. உன்னால் அதைக் கட்டுப்படுத்தவும் முடியாது. ஆனால், நீ நிமிர்ந்து நிற்க முடியும்" என்பதே அங்கே அவள் கற்றுக் கொள்வது. கணவர் போட்ட கடனை ஒளித்து அடைப்பதும், மேஸ்திரியிடம் "காய்ச்சல்" என்று பொய் சொல்வதும் அவருக்குச் செய்யும் உதவி அல்ல என்பதும் அங்கேதான் தெரிகிறது. வீட்டில் ஒருவர் மாறினால் மற்றவரும் ஒரு நாள் யோசிக்கத் தொடங்கலாம்.

2 பேர் போதும்

"எங்கள் ஊரில் கூட்டமே இல்லையே" என்று கை விரிக்க வேண்டாம். குடியை விடுவதற்காக 2 அல்லது 3 குடிநோயாளிகள் ஒன்றாக உட்கார்ந்தால், அதுவே ஓர் ஏ.ஏ. குழு என்பது அந்த இயக்கத்தின் மரபு. கட்டடம் வேண்டாம். தலைவர் வேண்டாம். அரசாங்க உத்தரவும் வேண்டாம்.

நகரத்துக் கூட்டத்துக்குப் போய் வந்து, ஓர் ஆண்டு குடிக்காமல் இருக்கும் ஒருவர் ஊரில் இருந்தால் போதும். அவர் இன்னொருவரைத் தேடிப் போக வேண்டும். ஆக்ரன் ஓட்டலில் நின்ற மனிதர் செய்ததும் அவ்வளவுதான். அப்படித் தேடிப் போவது அடுத்தவரைக் காப்பாற்ற மட்டும் அல்ல. தன்னைக் காத்துக் கொள்ளவும் அதுதான் வழி என்கிறார்கள் அவர்கள்.

பொழுது சாய்கிறது. உப்பளத்தில் பலகையைச் சாய்த்து வைத்து விட்டு ஆட்கள் கரையேறுகிறார்கள். சாரத்தை விட்டு இறங்கிய கொத்தனார் கையைக் கழுவுகிறார். கை நடுங்குகிறது. கடைக்கு எந்தப் பக்கம் போவது என்பது அவருக்குத் தெரியும்.

அந்த நேரத்தில் பக்கத்தில் வந்து, தோளில் கை போட்டு, "அண்ணே, நானும் இப்படித்தான் இருந்தேன். கொஞ்ச நேரம் என்கூட உட்காருங்க" என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

அந்த ஒருவர் வந்து விட்டால், குயிலாப்பாளையத்தில் கூட்டம் தொடங்கி விட்டது என்று பொருள்.